கழுதை முதுகேறிய கதை

1799 பிப்ரவரி 6ஆம் தேதி 'தியாரியோ தெ மாட்ரிட்' என்ற நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. பிரான்சிஸ்கோ கோயா என்ற ஓவியர் தாமே வரைந்து, தாமே செப்புத் தகட்டில் ஏற்றிய 80 அச்சோவியங்கள் ஒரே தொகுப்பாக விற்பனைக்குத் தயார். விலை 320 ரெயால், அன்றைக்கு ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் தங்கம். கிடைக்கும் இடம் தெசெங்கான்யோ தெரு, எண் 1. அது புத்தகக் கடை அல்ல, அத்தரும் மதுவும் விற்கிற கடை. ஓவியர் குடியிருந்ததும் அதே கட்டடத்தில்தான்.

விலையை ஒரு வரியில் சொன்ன அந்த விளம்பரம், முன்ஜாமீனுக்கு மட்டும் நிறைய இடம் எடுத்துக்கொண்டது. இதில் எந்தத் தனி மனிதரையும் குறிவைக்கவில்லை. எல்லாச் சமூகத்திலும் மண்டிக்கிடக்கிற மடமையையும் பொய்யையும் பழக்கதோஷத்தையும்தான் ஓவியர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்ற பொருளில் நீண்டது அது. கேட்காமலே ஒருவர் இவ்வளவு விளக்கம் கொடுத்தால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று ஊருக்குப் புரியாதா? புரிந்தது. தொகுப்பின் பெயர் 'லோஸ் காப்ரிச்சோஸ்'. கோழி உடம்பில் மனிதத் தலை, மனித உடுப்பில் கழுதை, பூனை முகத்தில் வழக்காடும் கூட்டம் என்று பாதி மனிதரும் பாதி மிருகமுமாக நடமாடும் உலகம் அதில் இருந்தது.

இதைச் செய்தவர் வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்ல. 1746இல் அரகோன் பகுதியில் ஃபுவென்தெதோதோஸ் என்ற சிற்றூரில் பிறந்த கோயா, 1789இல் அரசர் நான்காம் கார்லோஸின் அரண்மனை ஓவியர் ஆனவர். பிரபுக்களும் அமைச்சர்களும் அவர் முன்னால் உட்கார்ந்து தங்கள் உருவத்தை எழுதிக்கொண்டார்கள். அந்த வாழ்க்கை 1792 கடைசியில் ஒரு நோயால் இடறியது. காதிஸ் நகரில் செபஸ்தியான் மார்த்தீனெஸ் என்ற வணிக நண்பரின் வீட்டில் படுத்த கோயா எழுந்தபோது, அவருக்குக் காது முழுக்கப் போயிருந்தது. அடுத்த 35 ஆண்டுகள், சாகும்வரை, செவிடர்தான்.

அந்த நண்பரின் வீட்டில் ஆங்கிலேய அச்சோவியங்களின் பெரிய சேகரிப்பு இருந்தது. லண்டனில் கேலிப்படம் கடை ஜன்னலில் தொங்கி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1794 தொடக்கத்தில் ஓவிய அகாதெமியைச் சேர்ந்த பெர்னார்தோ தெ இரியார்த்தெக்குக் கோயா எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. பிறர் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லும் படங்களில் கற்பனைக்கும் மனம்போன போக்குக்கும் இடமில்லை, அதனால் இப்போது எனக்காகச் சில படங்கள் செய்கிறேன் என்று அதில் சொல்கிறார். காப்ரிச்சோஸுக்கு முதல் விதை அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

1797 வாக்கில் 'கனவுகள்' என்ற தலைப்பில் ஒரு வரிசையை வரைய ஆரம்பித்தார். மேசைமேல் தலை கவிழ்த்து ஒருவர் தூங்குகிறார். பின்னால் ஆந்தைகளும் வௌவால்களும் மொய்க்கின்றன. தூங்குகிறவர் ஓவியரே. இதைத்தான் முதல் படமாக வைக்க நினைத்திருந்தார். கனவு என்று சொல்லிவிட்டால் யார் வந்து கேட்க முடியும்? ஆனால் வெளியான தொகுப்பில் அந்தப் படம் 43ஆம் இடத்துக்குப் போய்விட்டது. முதல் இடத்தில், உயர்ந்த தொப்பி அணிந்து, ஓரக்கண்ணால் உலகத்தை அளக்கிற கோயாவே இருக்கிறார். கனவின் மறைவு போனதும், அதன் வேலையைச் செய்ய மிருகங்கள் வந்துவிட்டன.

அந்த இருட்டு எப்படி வந்தது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். செப்புத் தகட்டில் மெழுகு கலந்த ஒரு பூச்சைப் பூசி, ஊசியால் கீறி வரைய வேண்டும். பிறகு தகட்டை அமிலத்தில் இட்டால் ஊசி கீறிய கோட்டில் மட்டும் செம்பு அரிபடும். இது பழைய முறை; கோடு மட்டும் கிடைக்கும், சீராகப் படரும் நிழல் கிடைக்காது. கோயா எடுத்துக்கொண்டது அக்வாடின்ட் என்ற, அன்றைக்குப் புதிதான முறை. பிசினைப் பொடித்துத் தகட்டின்மேல் மாவு சலித்ததுபோலத் தூவி, அடியில் சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் இருந்த இடத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் அமிலம் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் பறிக்கும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் முதலிலேயே வார்னிஷ் தடவி மறைத்துவிடுவார்கள். சாம்பல் நிறம் போதும் என்ற இடத்தைச் சிறிது நேரத்தில் மறைப்பார்கள். மிச்சமுள்ள இடத்தை அமிலம் தின்னத் தின்ன இருட்டு கூடும். பிறகு மையைத் தேய்த்து, துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளையில் அழுத்தினால் குழியில் நின்ற மை காகிதத்துக்கு வரும். தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும் என்பதால், எல்லாவற்றையும் இடவலம் மாற்றி நினைத்தே வரைய வேண்டும். காப்ரிச்சோஸின் உருவங்கள் வெளிறி முன்னால் நிற்க, பின்னால் ஊரே இல்லாததுபோல் ஒரு கருமை தொங்குவது இந்தப் பிசின் தூளின் வேலை.

மிருகங்களைக் கோயா புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் பஞ்சதந்திரம்போல அங்கேயும் கதை மிருகங்கள் உண்டு. சமானியெகோ 1781இல் ஒரு நீதிக்கதைத் தொகுதியும், தொமாஸ் தெ இரியார்த்தெ 1782இல் ஒன்றும் போட்டிருந்தார்கள். ஆனால் நீதிக்கதையில் மிருகம் பேசிவிட்டு, கடைசியில் நீதியும் சொல்லிவிட்டுப் போகும். கோயாவின் மிருகத்துக்கு உத்தியோகம் இருக்கிறது. 37 முதல் 42 வரை ஆறு படங்களும் கழுதைகளுக்கென்றே ஒதுக்கியவை. 37இல் வாத்தியார் கழுதை குட்டிக் கழுதைக்கு எழுத்துப் பழக்குகிறது. 38இல் குரங்கு கித்தாரைப் பின்பக்கம் திருப்பி வைத்து வாசிக்க, கழுதை ரசிக்கிறது; பின்னால் இருவர் கைதட்டுகிறார்கள். 39இல் கழுதை தன் வம்சாவளிப் புத்தகத்தைப் புரட்டுகிறது. பக்கம் முழுக்க வரிசை வரிசையாகக் கழுதைகள். 40இல் வைத்தியர் கழுதை நோயாளியின் நாடியைப் பிடித்தபடி இருக்கிறது.

வம்சாவளி பார்க்கும் கழுதையில் அன்றே பலர் மானுவேல் கொதோயைக் கண்டார்கள். இருபத்தைந்து வயதில் ஸ்பெயினின் முதன்மை அமைச்சர் ஆனவர், ராணியின் பிரியத்துக்குரியவர். புதிதாகப் பெரிய இடத்துக்கு வந்தவருக்குப் பழைய பரம்பரை ஒன்று தேவைப்படத்தானே செய்யும்! கோயா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கழுதையின் முகத்தில் அடையாளம் தேடுகிறவரே மாட்டிக்கொள்வார். "இது நான்தான்" என்று எந்தப் பிரபு வழக்குப் போடுவார்?

41ஆம் படத்தில் கழுதை கம்பீரமாக உட்கார்ந்திருக்க, குரங்கு ஒன்று அதன் உருவத்தைத் தீட்டுகிறது. தீட்டிய படத்தில் மட்டும் கழுதைக்குப் பொய்முடி முளைத்திருக்கிறது. அரண்மனைச் சம்பளத்துக்குப் பெரிய மனிதர்களை அழகாக எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தவரின் படம் இது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் குரங்கு யார் என்று அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தன்னையும் விடாததால்தான் இந்தக் கேலிக்கு ஒரு யோக்கியதை வந்தது.

42ஆம் படத்தைப் பற்றி எழுத எனக்குச் சோனாப்பூரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. துபாயில் முஹைஸ்னா வட்டாரத்தில், ஷார்ஜா எல்லையை ஒட்டிக் கிடக்கும் தொழிலாளர் முகாம்களின் ஊர் இது. விடியுமுன்னே பேருந்துக்கு வரிசை நிற்கும். சைட்டிலிருந்து திரும்பி, மெஸ்ஸில் சாப்பிட்டு, இரட்டைக் கட்டிலில் ஏறிப் படுத்து, ஊருக்கு வீடியோ கால் போட்டால் நாள் முடிந்தது. ஒரு விடுமுறை நாளில், அறையில் கம்பி கட்டும் வேலை பார்க்கிற ராமநாதபுரத்து அண்ணன் ஒருவரிடம் அந்தப் படத்தைப் போனில் காட்டினேன். இரண்டு குடியானவர்கள் குனிந்து நடக்கிறார்கள். ஆளுக்கொரு கழுதை அவர்கள் முதுகில் சவாரி செய்கிறது. இருவர் கண்ணும் மூடியிருக்கிறது.

அண்ணன் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஆளை விட்டுவிட்டுக் கழுதையின் காலைப் பார்த்தார்.

"ஏந் தம்பி, இதுக்குக் கால்ல முள்ளு யாரு மாட்டிவிட்டது? ஏறி ஒக்காந்தது பத்தாதுன்னு குத்தி வேற வெரட்டுமோ?"

குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டுகிற முள் அது. கழுதைக்கு அதை மாட்டியிருப்பதை எத்தனையோ பேர் பார்க்காமல் தாண்டிவிடுவார்கள். "கண்ணை ஏன் மூடிட்டுப் போறாங்க?" என்று நான் கேட்டேன். "தெறந்தா எறக்கி வச்சிருவான்ல" என்றார். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒருவர், "எறக்கி வச்சா ஏஜெண்டுக்குக் கட்டுன காசுக்கு வட்டி யாருண்ணே கட்டுறது?" என்று கேட்க, அறையே சிரித்தது.

படத்தின் கீழே கோயா போட்டிருப்பது ஸ்பானியர் எல்லோரும் அறிந்த ஒரு பழமொழியின் முதல் பாதி: "உன்னால் முடியாதே..." மிச்சம், "என்னையும் முதுகில் தூக்கிக்கொண்டு போ" என்பது. அந்தப் பாதியை எழுதாமல் விட்டது பார்க்கிறவன் வாயால் வரட்டும் என்றுதான். அந்தக் காலத்துக் கையெழுத்துக் குறிப்பு ஒன்று விஷயத்தைப் போட்டு உடைக்கிறது: ஏழைகளும் உழைக்கிற வர்க்கத்தாரும்தான் கழுதைகளைச் சுமக்கிறார்கள், அரசாங்க வரியின் பாரம் முழுக்க அவர்கள் தலையில்தான் என்கிறது அது.

யாரையும் பெயர் சொல்லித் திட்ட முடியாத இடத்தில் கேலி ஒரு முகமூடியைத் தேடிக்கொள்ளும். இங்கே துபாயில் வாட்ஸ்அப்பில் ஒருவரை வைதாலும் வழக்கு வரும், சட்டம் அப்படி. அதனால் நம் ஆட்கள் போர்மேனைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டார்கள். வடிவேலுவின் முகம் ஒன்றை அனுப்புவார்கள். வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணி 2019இல் உலகத்துக்கெல்லாம் தெரிந்தார். கட்டட வேலைக்காரர்களுக்கு அவர் அதற்கு வெகுநாள் முன்பே உறவு. கழுதை முகம் கோயாவுக்குச் செய்ததை வடிவேலு முகம் இவர்களுக்குச் செய்கிறது.

நம் நாட்டிலும் இந்த மிருகங்கள் தனியாகப் பிறந்தன. கல்கத்தாவில் காளிகாட் கோயிலைச் சுற்றி வாழ்ந்த படம் எழுதுகிறவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் கோயா யாரென்றே தெரிந்திருக்காது. அவர்கள் நெற்றியில் நாமம் தரித்த பூனையின் வாயில் இறாலைக் கவ்வ வைத்தார்கள். சைவம் பேசும் போலிச் சாமியாருக்கு அது போதும். மனிதத் தலை கொண்ட ஆட்டை ஒரு பெண் கயிற்றில் கட்டி நடத்திப் போகிறாள். மயங்கித் திரிந்த பாபு என்ற பகட்டுக்காரனின் கதி அது. 1917இல் ககனேந்திரநாத் தாகூர் ஜோராசாங்கோ வீட்டிலிருந்து கல்லச்சுக் கேலிப்படத் தொகுப்புகளை வெளியிட்டார். சாதியும் போலி நாகரிகமும் அவற்றில் பூதாகாரமாக நின்றன. தமிழில் அரசியல் கேலிப்படத்துக்கு வழி போட்டது 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழ். 1908இல் அதன் பதிவுபெற்ற ஆசிரியர் சிறைக்குப் போனார், அதை நடத்திவந்த பாரதி புதுச்சேரிக்குப் போனார். படம் போட்டவர்களுக்குத் தப்பும் வழி எப்போதும் ஒரு கவலைதான்.

கோயாவும் தப்பும் வழி பார்த்தார். ஏறத்தாழ 300 பிரதிகள் அச்சிட்டதில் விற்றது 27. சில நாளிலேயே விற்பனை நின்றது. தம்மேல் இன்குவிசிஷன் என்ற மத விசாரணை மன்றத்தில் புகார் போனதாகப் பிற்காலக் கடிதம் ஒன்றில் அவரே எழுதுகிறார். ஆனால் கேலி செய்யப்பட்ட அரண்மனை அவரைத் துரத்தவில்லை. 1799 அக்டோபரிலேயே முதன்மை அரண்மனை ஓவியர் பதவி வந்தது. 1803இல் கோயா 80 செப்புத் தகடுகளையும் விற்காத 240 தொகுப்புகளையும் அரசருக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். பதிலுக்கு மகன் ஹாவியருக்கு ஆண்டுக்கு 12,000 ரெயால் உதவித்தொகை. அரசர் சொத்தில் யார் கை வைப்பது? படங்களும் பிழைத்தன, ஓவியரும் பிழைத்தார், பிள்ளைக்கும் வழி பிறந்தது.

கோயா 1828இல் போர்தோ நகரில் காலமானார். கொதோய் 1851இல் பாரிஸில் செத்தார். வம்சாவளிக் கழுதைமேல் அவர் பெயரை எழுதியிருந்தால் படமும் அவரோடு பழசாகியிருக்கும். பெயர் இல்லாததால் காலம்தோறும் அந்த முகத்துக்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. 1857இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், இந்த மிருக மனிதர்கள் உண்மையிலேயே உயிர்வாழக் கூடியவர்கள்போல இருப்பதுதான் கோயாவின் சாதனை என்று வியந்தார். தகடுகள் இன்றும் மாட்ரிட்டின் தேசியச் செப்பச்சு நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஓவியர் போன பிறகும் அவற்றிலிருந்து பல பதிப்புகள் அச்சாயின.

கேலிக்கு ஆளானவர்களே காசு கொடுத்துக் காப்பாற்றிய கேலி என்பதால், இந்த ஒரு தடவை கழுதைதான் சுமந்தது என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் அந்த 12,000 ரெயால் கஜானாவிலிருந்து வந்தது, கஜானா வரியால் நிறைந்தது. வரி கட்டியவர்கள் 42ஆம் படத்தில் இருக்கிறார்கள்.