உப்பு சுமந்தவர்களின் பெயர்



போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், கடலே இல்லாத கண்டிக்கு அந்தக் காலத்துல உப்பு எங்கிருந்து வந்த?"

ஆங்கிலேயரிடம் 'சால்ட்டர்' என்று ஒரு பழைய தொழிற்பெயர் உண்டு. உப்புச் செய்தவர், விற்றவர் இருவருக்கும் அதுதான் பெயர். இன்று அது குடும்பப் பெயராகவும் நிற்கிறது. சங்கத் தமிழில் உப்பு வணிகர் உமணர். மாட்டு வண்டியில் உப்பேற்றி ஊரூராகப் போனவர்கள்.

நமது மலைப்பாதையில் வண்டி ஏறாது. புத்தளம் பக்கமிருந்து உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகில் வந்தன. திரும்பும்போது பாக்கு போனது. அந்த மாட்டு வரிசைதான் தவளம். கண்டி அரசர்கள் இதற்கென்றே 'மடிகே பத்த' என்ற திணைக்களம் வைத்திருந்தார்கள். அதில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு. இது இராஜகாரியம், சேவைக்குப் பதிலாகக் காணி கிடைத்தது.

1766 உடன்படிக்கையில் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கரையை வைத்திருப்பவன் உப்பை நிறுத்தினால் மலைநாட்டுச் சட்டி சப்பென்று போகும் நிலை. பிறகு ஆங்கிலேயர் வீதி போட்டார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. தவளம் ஓய்ந்தது.

பெயர் ஓயவில்லை. கலகெதரயில் மடிகே இருக்கிறது. குருநாகல் பக்கம் மடிகே மிதியால இருக்கிறது.

"நீங்க எப்ப வந்த ஆக்கள்?" என்று நம் பிள்ளைகளிடம் யாரும் கேட்டால் கோபம் வேண்டாம். இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லி, அதன் கதையையும் சொல்லட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தவளக் கதை இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன், இன்ஷா அல்லாஹ்.