கார் கண்ணாடியில் மஞ்சள் புள்ளிகள்: தேனீக்கள் கோடை வெயிலை எப்படிச் சமாளிக்கின்றன?

மாட்டுங்கா, செம்பூர் பக்கம் மரத்தடியில் கார் நிறுத்துபவர்கள், வெயில் காலத்தில் கண்ணாடியில் மஞ்சள் புள்ளிகளைப் பார்த்திருக்கலாம். அது பெயின்ட் இல்லை, பெரும்பாலும் மலைத்தேனீக்களின் எச்சம். அதற்கும் வெயிலுக்கும் தொடர்பு இருக்கிறது.

கூட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கலாம்?

புழுக்கள் வளரும் இடத்தில் சுமார் 33 முதல் 36 டிகிரி செல்சியஸ். சூடு அதைத் தாண்டி நீடித்தால் சிறகு சரியாக வளராத தேனீக்கள் வெளிவரும். மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் 40-ஐத் தாண்டும்போதே அது இளக ஆரம்பிக்கும், தேன் நிறைந்த அடை பாரம் தாங்காமல் விழலாம்.

மும்பை சாந்தாகுரூஸில் 2018 மார்ச் 25 அன்று 41 டிகிரி பதிவானது. 1956 மார்ச் 28 அன்று அங்கே 41.7 டிகிரி.

கூட்டை எப்படிக் குளிர வைக்கின்றன?

நம்ம வீட்டு ஏர்கூலர் வேலை செய்யும் அதே முறைதான். சில தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அடையில் பூசும், மற்றவை சிறகால் விசிறும். நீர் ஆவியாகும்போது சூடு இறங்கும்.

இதில் இரண்டு சிக்கல்கள். காற்றில் ஈரப்பதம் அதிகமானால் நீர் மெதுவாகவே ஆவியாகும். மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் நமக்கு வியர்வை காயாத அதே கதை. அடுத்தது, தண்ணீர் சுமக்கப் போகும் தேனீ அந்த நேரத்தில் பூவுக்குப் போக முடியாது.

அப்போ மஞ்சள் புள்ளி?

மலைத்தேனீ பெட்டியிலோ பொந்திலோ வாழாது. உயரமான மரத்திலும் கட்டட விளிம்பிலும் ஒரே பெரிய அடையாகத் திறந்தவெளியில் கட்டும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் திரைபோல அதை மூடி நிற்கும். திடீரெனக் கூட்டமாகப் பறந்து எச்சமிட்டுத் திரும்புவதும் உண்டு. இதனால் அவற்றின் உடல் சூடு குறைகிறது என்று மலேசியாவில் செய்த ஆய்வு ஒன்று 1989-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

ராணித் தேனீக்கு என்ன ஆகும்?

ராணி சேமித்து வைத்திருக்கும் விந்தணுக்கள், 38 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் இருந்தாலே பாதிக்கப்படலாம் என்கிறது 2020-இல் வெளியான ஆய்வு. அது ஐரோப்பியத் தேனீயில் செய்யப்பட்டது.

எல்லா இடத்திலும் ஒரே வெயிலா?

இல்லை. தாராவியின் தகரக் கூரைகள் பகலில் கொதிக்கும், மரம் அடர்ந்த மாட்டுங்கா தெருக்களில் நிழல் உண்டு. தாராவியை ஒட்டிய மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் குப்பைமேடு. இன்று அங்கே மரமும் பூவும் உண்டு. வானிலை நிலையம் சொல்லும் எண்ணைவிட, கூடு இருக்கும் இடத்தின் நிழலும் பக்கத்தில் கிடைக்கும் தண்ணீரும்தான் தேனீக்கு முக்கியம்.

எங்க பில்டிங்ல கூடு கட்டிருக்கு, என்ன பண்றது?

• கல் எறியாதீர்கள், தீ வைக்காதீர்கள். மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து.
• இரவில் கூட்டுக்கு அருகில் உள்ள விளக்கை அணையுங்கள், வெளிச்சத்துக்கு அவை வரும்.
• மலைத்தேனீ இடம்பெயரும் இனம். எட்டாத உயரத்தில் இருந்தால், சில மாதங்களில் தானாகவே கிளம்பிவிடும்.
• ஆட்கள் நடமாடும் இடம் என்றால், கொல்லாமல் அகற்றத் தெரிந்தவர்களை அழையுங்கள்.
• பால்கனியில் தட்டில் கூழாங்கல் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் வையுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீக்கள் மூழ்கிவிடும்.

ஊரில் சொந்தக்காரர்கள் தேனீப்பெட்டி வைத்திருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குதான்: மதிய வெயில் படாத நிழல், பெட்டி மேல் ஈரச் சாக்கு, பக்கத்தில் தண்ணீர்.