தணிக்கையும் பகிஷ்கரிப்பும்: பிரித்தானிய மாணவர் ஒன்றியங்களின் பாடல் தடை பற்றிய வரலாற்று நோக்கு

தணிக்கை என்னும் சொல் இன்று மிகத் தளர்வாக வழங்கப்பட்டு வருகின்றது. அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்வதும், பத்திரிகாசிரியர் ஒருவர் ஒரு கட்டுரையைத் திருப்பியனுப்புவதும், ஒரு சங்கம் தனது மண்டபத்தில் ஒரு பாடலை ஒலிக்கவிடாதிருக்கத் தீர்மானிப்பதும் ஒரே பெயராற் சுட்டப்படுகின்றன. சொல்லின் எல்லை இவ்வாறு விரியும்பொழுது அதன் கூர்மை மழுங்கிவிடுகின்றது. மழுங்கிய சொல் பெரும்பாலும் அதிகாரமுடையோருக்கே பயன்படும் என்பது வரலாறு தரும் பாடம். எனவே இச்சொல்லை அதன் வரலாற்றுச் சூழலில் வைத்து நோக்குதல் அவசியமாகின்றது. அதற்கு 2013 ஆம் ஆண்டு பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இங்கு எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்கப் பாடகர் ரொபின் திக், ஃபரெல் வில்லியம்ஸ், டி.ஐ. ஆகியோருடன் இணைந்து வெளியிட்ட 'பிளர்ட் லைன்ஸ்' என்னும் பொப்பிசைப் பாடல் அவ்வாண்டு பிரித்தானியாவில் மிகக் கூடுதலாக விற்பனையானது. பெண்ணின் இசைவு ஐயத்துக்கிடமானது என்றும், அவள் மறுப்பினும் உள்ளூர விரும்புகிறாள் என்றும் அப்பாடல் உணர்த்துவதாகப் பெண்ணுரிமை இயக்கத்தினர் கண்டித்தனர். 2013 செப்டெம்பரில் எடின்பரோப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் தனது கட்டடங்களில் அப்பாடலை ஒலிக்கவிடுவதை நிறுத்தியது. லீட்ஸ் முதலிய இடங்களின் ஒன்றியங்கள் அதனைப் பின்பற்றின. அவ்வாண்டு இறுதிக்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஒன்றியங்கள் இத்தகைய முடிவை எடுத்திருந்தன. உடனே, பல்கலைக்கழகங்களில் தணிக்கை தலைதூக்கிவிட்டதெனப் பத்திரிகைகள் குரலெழுப்பின.

இம்முடிவுகள் திடீரென முளைத்தவையல்ல. தேசிய மாணவர் ஒன்றியம் 2010 இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், விடையளித்த மாணவிகளுள் ஏழு பேரில் ஒருவர் தமது கல்விக் காலத்தில் கடுமையான உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான தாக்குதலுக்குட்பட்டதாகத் தெரிவித்திருந்தனர். பல்கலைக்கழகங்களில் ஆண் மாணவரிடையே நிலவிய இழிவுபடுத்தும் கேளிக்கைப் பண்பாடு பற்றி 2013 மார்ச்சில் மற்றோர் அறிக்கையும் வெளிவந்தது. ஆகவே பாடல் பற்றிய விவாதம், பாடலைக் காட்டிலும் விரிந்ததொரு சமூக முரண்பாட்டின் வெளிப்பாடாகவே அமைந்தது. கலைப்படைப்பை அதன் சூழலினின்றும் பிரித்துத் தனித்து நிறுத்தி, 'ஒரு பாடலுக்கு இத்தனை அச்சமா?' என வினவுவோர் இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றனர்.

இனி, தணிக்கை என்பது வரலாற்றில் யாதாக இருந்துள்ளது எனக் காண்போம். இங்கிலாந்தில் அச்சிடுவதற்கு முன்னனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் 1695 இல் காலாவதியாகியது. ஆனால் நாடக மேடை அவ்விடுதலையைப் பெறவில்லை. 1737 ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு புதிய நாடகப் பிரதியையும் அரண்மனை அதிகாரியான சேம்பர்லேன் பிரபுவின் பார்வைக்குட்படுத்தியது. அவ்வதிகாரம் 1968 வரை நீடித்தது. பேர்னாட் ஷோ 1893 இல் எழுதிய 'திருமதி வாரனின் தொழில்' என்ற நாடகம் 1925 வரை பிரித்தானியப் பொதுமேடையில் ஏற அனுமதிக்கப்படவில்லை. விபசாரத்தின் வேர் பெண்களின் குறைந்த கூலியிலும் மரியாதைக்குரிய கனவான்களின் முதலீட்டிலும் உள்ளது என அந்நாடகம் காட்டியது. ஒழுக்கத்தைக் காப்பதாகக் கூறிக்கொண்ட தணிக்கை உண்மையிற் காத்தது எதனை என்பது இதனால் விளங்கும்.

வானொலியின் வரலாறும் இத்தகையதே. 1972 சனவரி 30 இல் டெரி நகரில் நிராயுதபாணிகளான ஊர்வலத்தினர் மீது பிரித்தானியப் படையினர் சுட்டதில் அன்றே பதின்மூவர் மடிந்தனர். அதனையடுத்து, அயர்லாந்தை அயர்லாந்து மக்களிடமே திருப்பியளிக்கக் கோரிப் போல் மக்கார்ட்னி வெளியிட்ட பாடலை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. அப்பொழுது பிரித்தானியாவிற் சட்டபூர்வமான வர்த்தக வானொலி தொடங்கியிருக்கவில்லை. அது 1973 இலேயே வந்தது. எனவே பி.பி.சி.யின் மறுப்பு நாடு முழுவதற்குமான மௌனத்துக்கு அண்மையதாக இருந்தது. 1977 இல் முடியாட்சியை எள்ளிய செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினரின் பாடலுக்கும் இதுவே நேர்ந்தது.

இவற்றினின்றும் தணிக்கையின் மூன்று இயல்புகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, அதன் பின்னால் தண்டிக்கும் வலு இருத்தல். மீறுவோர் தொழிலையோ சுதந்திரத்தையோ இழப்பர். இரண்டாவது, அது வேறு வழியை அடைத்தல். ஓரிடத்தில் மறுக்கப்பட்டதை மற்றோரிடத்திற் பெறுவது அரிதாகும். மூன்றாவது, அதற்குக் கட்டுப்படுவோர் அதனை மாற்றவியலாதிருத்தல். சேம்பர்லேன் பிரபுவை எந்த நாடகாசிரியரும் வாக்களித்து நீக்க முடியாது.

இவ்வளவுகோல்களைக் கொண்டு நோக்கின், மாணவர் ஒன்றியங்களின் முடிவு தணிக்கையாகாது. எவரும் சிறை செல்லவில்லை. எவரது இசைத்தட்டும் கைப்பற்றப்படவில்லை. பாடல் வானொலியிலும் கடைகளிலும் மாணவரின் சொந்தக் கருவிகளிலும் தடையின்றி ஒலித்தது. தீர்மானத்தை நிறைவேற்றிய அமைப்புகள் தேர்தலால் அமைந்தவை. மறு கூட்டத்தில் அதனை மாற்றும் வழியும் உறுப்பினர்க்கு இருந்தது.

அதே ஆண்டில் நிகழ்ந்த மற்றொரு சம்பவம் ஒப்புநோக்கத்தக்கது. 2013 ஏப்பிரல் 8 இல் மார்கரெட் தட்சர் காலமானதும், அவரை வெறுத்தோர் பழைய திரைப்படமொன்றின் சூனியக்காரி பற்றிய பாடலை வாங்கி விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்துக்கு உயர்த்தினர். பழைமைபேண் அரசியல்வாதிகளும் வலதுசாரிப் பத்திரிகைகளும் அதனை ஒலிபரப்பலாகாதென வற்புறுத்த, பி.பி.சி. தனது வரிசை நிகழ்ச்சியில் அப்பாடலின் சில விநாடிகளை மட்டும் செய்தியினூடே ஒலிக்கவிட்டது. ஏப்பிரலில் ஒரு பாடலை நிறுத்தக் கோரிய தரப்பினுள்ளிருந்தே, இலையுதிர்காலத்தில் மாணவரைத் தணிக்கையாளர் எனச் சாடும் குரல்களும் எழுந்தன. கருத்துச் சுதந்திரம் என்ற கோட்பாடு எத்துணை எளிதில் வர்க்க நலனுக்கேற்ப வளைகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இதனினும் ஆழமானதொரு விடயம் உண்டு. பிரசியத் தணிக்கைக்கு எதிராக 1842 இல் எழுதிய இளம் மார்க்ஸ், அரசின் கத்தரிக்கோலை மட்டும் எதிர்த்தாரல்லர். எழுத்து வெறும் வணிகமாவதும் அதன் சுதந்திரத்தை அழிக்கும் என அவர் கருதினார். எந்தப் பாடல் பதிவாகும், எது நாள்தோறும் செவியில் அறையப்படும் என்பதை விற்பனைக் கணக்கே முடிவு செய்யும் அமைப்பில், ஒலிக்காது போன பாடல்களின் எண்ணிக்கையை எவரும் கணிப்பதில்லை. அத்தெரிவு 'சந்தை' எனப்படுகிறது. மாணவரின் தெரிவு 'தடை' எனப்படுகிறது. இதே பாடல் தொடர்பாக 2015 இல் அமெரிக்க ஜூரிகள், அது மார்வின் கேயின் 1977 ஆம் ஆண்டுப் பாடலொன்றின் உரிமையை மீறியதாகக் கூறி, ஏறத்தாழ 74 இலட்சம் டொலர் செலுத்துமாறு தீர்த்தனர். தொகை பின்னர் குறைக்கப்பட்டபோதிலும் 2018 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்தது. இத்தீர்ப்பு படைப்பாற்றலை முடக்கும் என இருநூறுக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் அந்நீதிமன்றத்திடம் முறையிட்டிருந்தனர். பெண்ணின் கௌரவம் கருதிச் சில மண்டபங்களில் ஒரு பாடல் நிறுத்தப்பட்டபோது எழுந்த கூக்குரலோடு, சொத்துரிமை கருதி இசையின் பாணியே வேலியிடப்படுகிறதென்ற இவ்வச்சத்துக்குப் பொதுமேடையிற் கிடைத்த கவனத்தை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

அவ்வாறாயின் மாணவரின் செயலை எப்பெயரால் அழைப்பது? பகிஷ்கரிப்பு என்பதே பொருத்தமானது. ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் சொல்லே, 1880 இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் நிலப்பிரபுவின் முகவரான கப்டன் பொய்கொட் என்பாரைக் குடியானவர் ஒன்றுபட்டு ஒதுக்கிய நிகழ்ச்சியிற் பிறந்தது. சட்டமும் படையும் கைவசமில்லாதோர் தமது ஒத்துழைப்பை விலக்கிக்கொள்வதே அதன் உயிர்நிலை. பிரித்தானிய மாணவர் பல்லாண்டுகளாக பார்க்ளேஸ் வங்கியைப் பகிஷ்கரித்தமை, அவ்வங்கி 1986 இல் தென்னாபிரிக்காவை விட்டு விலகுவதற்கான காரணிகளுள் ஒன்றாயிற்று. இனவாத, பாசிச அமைப்புகளுக்கு மேடையளிப்பதில்லை என 1974 இல் தேசிய மாணவர் ஒன்றியம் மேற்கொண்ட முடிவும் இம்மரபைச் சார்ந்ததே.

எனினும் இவ்வாறு பெயரிட்டதும் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. பகிஷ்கரிப்பு அதிற் பங்குபற்றுவோரின் விருப்பத்தில் தங்கியிருப்பது. ஒன்றியத்தின் தீர்மானமோ உடன்படாத உறுப்பினரையும் கட்டுப்படுத்துகின்றது. 1994 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உறுப்பினராகாதிருக்கும் உரிமையை வழங்கிய போதிலும், வளாகத்தில் மாணவர்க்குரிய மண்டபமும் மதுக்கூடமும் பெரும்பாலும் ஒன்றியத்தினுடையனவே. அவ்வளவில் அதுவும் ஒரு சிற்றேகபோகமாகும். பொதுக்கூட்டம் விவாதித்து எடுக்கும் முடிவுக்கும் நிர்வாகிகள் சிலர் அறைக்குள் எடுக்கும் முடிவுக்கும் இடையில் பாரிய வேறுபாடு உண்டு. பின்னையது வழக்கமானால் பகிஷ்கரிப்பு சிறுகச் சிறுகத் தணிக்கையின் சாயலைப் பெறும். அத்துடன், பாடலை நிறுத்துவது எளிது. தாக்கப்பட்ட மாணவியின் முறைப்பாட்டை விசாரிக்கப் பல்கலைக்கழக நிர்வாகத்தை நிர்ப்பந்திப்பது கடினம். எளியது கடினமானதற்குப் பதிலாகிவிடின் போராட்டம் சடங்காகிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உள்ளது. மாணவரின் தீர்மானங்களைக் காரணங்காட்டி அரசே சுதந்திரத்தின் காவலனாக வேடம் புனைய முற்பட்டது. 1986 ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்கள் மீது சுமத்திய பேச்சுச் சுதந்திரக் கடமையை, 2023 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் மாணவர் ஒன்றியங்களுக்கும் விரிக்க முனைந்தது. அடுத்து வந்த அரசாங்கம் 2024 இல் அதன் அமுலாக்கத்தை இடைநிறுத்தியது. 2025 இல் பல்கலைக்கழகங்களுக்கான பகுதிகள் நடைமுறைக்கு வந்தபோது ஒன்றியங்களுக்கான பகுதி சேர்க்கப்படவில்லை. ஒரு சங்கம் தன் மண்டபத்தில் எதனை ஒலிக்கவிடவேண்டும் என அரசு கட்டளையிடும் நிலை தோன்றுமாயின், சுதந்திரத்தின் பெயரால் சங்கமமைக்கும் சுதந்திரமே குறைக்கப்படும்.

1971 முதலாகப் பத்திரிகைத் தணிக்கையைப் பலமுறை கண்ட இந்நாட்டின் வாசகர்க்கு இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. எதிர்ப்பவர் கையிலுள்ள ஒதுக்குதலையும் ஆள்பவர் கையிலுள்ள அடக்குதலையும் ஒரே சொல்லால் அழைப்போமாயின், பின்னையதை அதன் பெயர் சொல்லிச் சுட்டும் ஆற்றலை நாம் இழந்துவிடுவோம். மாணவரின் முடிவு சரியா, தவறா, போதுமானதா என்பன விவாதத்துக்குரிய வினாக்கள். அவ்விவாதம் அவர்களது கூட்டங்களிலேயே நிகழவேண்டும். அது நிகழக்கூடிய நிலை உள்ளவரை அம்முடிவு தணிக்கையன்று என்பதே எமது கருத்தாகும்.