குழுச் சாகசத் திரைப்படம்

தனித்த நாயகன் ஒருவனின் பராக்கிரமத்தை மட்டும் நம்பி நில்லாமல், வெவ்வேறு திறமையும் வெவ்வேறு குறையும் உடைய சிலர் ஒரு காரியத்தின் பொருட்டு ஒன்றுதிரண்டு, அதை முடிக்கும் பிரயத்தனத்தில் சிலர் மாண்டு சிலர் மீள்வதைச் சித்திரிக்கும் படவகை குழுச் சாகசத் திரைப்படம் எனப்படும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருப்பெற்று, இரண்டு தலைமுறை ரசிகர்களின் அபிமானத்தைப் பெற்று, பின் மங்கி, இப்போது பெரும்பாலும் ஞாபகத்தின் பலத்தினாலேயே வாழ்ந்து வரும் இவ்வகைக்கு ஒரு விசேஷம் உண்டு: பழமைக்காக ஏங்குவோர் இதைப் பிற்காலத்தில் நாடிச் சென்றார்கள் என்பது பாதி உண்மையே, பிறந்த நாளிலேயே இது பழமைக்காக ஏங்கிக்கொண்டுதான் பிறந்தது.

ஆதியாகக் கொள்ளத்தக்கது, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954). கொள்ளையரால் வருந்தும் கிராமத்தார், சோற்றைத் தவிர வேறு கூலி கொடுக்க வழியற்றவர்களாய், எஜமானரை இழந்து திரியும் வீரர்களை அமர்த்திக்கொள்ளும் இக்கதை மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஓடுகிறது. அதில் கணிசமான பகுதி ஆள் சேர்ப்பதிலேயே கழிகிறது. கதவுக்குப் பின்னால் ஓர் இளைஞனைத் தடியுடன் மறைந்து நிற்கச் செய்து, உள்ளே வருகிறவன் தலையில் ஓங்கி அடிக்கும்படி ஏவி, அவன் சமாளிக்கும் விதத்தைக் கொண்டே அவனுடைய தரத்தை மதிப்பிடுகிறான் தலைவன். ஒருவன் அடியைத் தடுத்துவிட்டுக் கோபிக்கிறான். இன்னொருவனோ வாயிலிலேயே நின்று, உள்ளே காலெடுத்து வைக்காமலே, சூழ்ச்சியை உணர்ந்து சிரித்துவிடுகிறான். அந்தச் சிரிப்பிலே ஒரு மனிதனின் முழுச் சரித்திரமும் வந்துவிடுகிறது. பிற்காலத்துப் படங்கள் இந்த ஆள் சேர்க்கும் காட்சியை எத்தனையோ விதமாகப் பிரதி செய்தும், இவ்வளவு சிக்கனமாகச் செய்தவை அரிது. முடிவில் எழுவரில் நால்வர் மடிய, எஞ்சிய தலைவன் வெற்றி குடியானவர்களுக்கே உரியது என்று சொல்லிப் புதைமேட்டைப் பார்த்து நிற்கிறான். அவர்களுடைய காலம் முன்னமே முடிந்துவிட்டது என்பதும், வாளின் திறமைக்கு இனித் துப்பாக்கியே விடையென்பதும் படத்தின் அடிநாதம்.

இக்கதையை ஜான் ஸ்டர்ஜஸ் அமெரிக்க மேற்கத்தியச் சூழலுக்கு மாற்றி ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ (1960) என்று எடுத்தார். அதன்பின் ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’ (1961), ‘தி கிரேட் எஸ்கேப்’ (1963), ‘தி டர்ட்டி டஸன்’ (1967) என இரண்டாம் உலக யுத்தத்தைக் களமாகக் கொண்ட படங்கள் தொடர்ந்தன. யுத்தத்தில் தாமே பங்குபற்றியவர்கள் நடுத்தர வயதை எட்டித் தங்கள் யௌவனத்தைத் திரும்பிப் பார்த்த வருஷங்கள் அவை என்பதை இங்கே மறக்கலாகாது. சாம் பெக்கின்பாவின் ‘தி வைல்ட் பஞ்ச்’ (1969) இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டது: அதன் கொள்ளையர் 1913-ஆம் ஆண்டில், மோட்டார் வண்டியும் இயந்திரத் துப்பாக்கியும் புழக்கத்துக்கு வந்துவிட்ட உலகில், குதிரைமேல் மூப்பெய்துகிறார்கள்.

இவ்வகைப் படங்களுக்கும் இலங்கைக்கும் உள்ள சம்பந்தம் பலர் எண்ணுவதைவிட நெருக்கமானது. டேவிட் லீன் இயக்கி ஏழு ஆஸ்கார் பரிசுகளை வென்ற ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ (1957) படத்தின் பாலம், களனி கங்கையின் மேல் கித்துல்கலவில் கட்டப்பட்டதாகும். கைதிகளாகிய ஆங்கிலச் சிப்பாய்கள் ஒரு பக்கம், பாலத்தைத் தகர்க்க வரும் சிறு குழு மறுபக்கம் என இரண்டு கூட்டங்களை எதிரெதிரே நிறுத்தும் படம் அது. மெய்யான பாலம், மெய்யான ரயில் எஞ்சின், மெய்யான வெடிமருந்து. வெடிக்க வேண்டிய நாளில், தாம் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரிவிக்க ஒளிப்பதிவாளர் ஒருவர் மறந்துவிட்டமையால் வெடி நிறுத்தப்பட்டு, ரயிலோ நில்லாமல் பாலத்தைக் கடந்து அக்கரையில் போய் முட்டிக்கொண்டது. அதை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றிப் பின்னரே தகர்க்க நேர்ந்தது. கணினியால் எதையும் நூறு முறை வெடிக்கச் செய்யக்கூடிய இந்நாளில் பழைய படங்களின்மேல் ஏற்படும் மோகத்துக்குக் காரணம் கேட்போருக்கு இந்தச் சம்பவமே போதிய விடையாகும். தவறினால் மறுபடி இல்லை என்ற அச்சம் திரையின் இப்புறத்திலும் தெரிந்தது.

அந்தப் படப்பிடிப்பில் ஒளிப்பதிவு உதவியாளர்களுள் ஒருவராக வேலை பார்த்த இளைஞர் காமினி பொன்சேகா. பிற்பாடு சிங்களத் திரையின் ஈடிணையற்ற நட்சத்திரமாகி, ‘சருங்கலே’ (1979) என்ற படத்தில் நடராஜா என்னும் தமிழ் எழுதுவினைஞராக நடித்துத் தமிழரின் நன்மதிப்பையும் பெற்ற அவர், தம் ஆரம்ப காலத்தில் தோன்றிய படங்களுள் ஒன்று லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘சந்தேசய’ (1960) ஆகும். போர்த்துக்கீசர் காலத்தில் அவர்களை எதிர்த்து நாட்டுமக்கள் நடத்திய போராட்டத்தைக் கோட்டையும் பீரங்கியும் காடுமாகச் சித்திரித்த இப்படம், இலங்கையிலே தயாரான சாகசப் படங்களுள் முக்கியமானது. ‘ரேகாவ’வின் (1956) சாந்த ரசத்தால் பெயர்பெற்ற இயக்குநர் இத்துறைக்கு வந்தது அன்றைய விமரிசகருக்கு வியப்பளித்திருக்கக் கூடும், ஆனால் ஜனங்கள் திரளாக வந்து பார்த்தார்கள். தயாரித்தவர் சினிமாஸ் ஸ்தாபனத்தின் அதிபரான தமிழர் கே. குணரத்தினம்.

இவ்விடத்தில் மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. கலேவெலைக்கு அண்மையில் உள்ள இக்கிராமத்தார், கண்டி மன்னரிடம் சிறைப்பட்டு அங்கே குடியமர்த்தப்பெற்ற போர்த்துக்கீசப் போர்வீரரின் வழித்தோன்றல்கள் என்பது நெடுங்காலத்து மரபு. 1630-இல் ரந்தெனிவெலயிலும் 1638-இல் கன்னொறுவயிலும் போர்த்துக்கீசச் சேனைகள் அடியோடு அழிந்த காலம் அது. பல தேசத்துத் துறைமுகங்களிலிருந்து கூலிக்குச் சேர்ந்து, ஒரு தளபதியின் கீழ் மலைநாட்டுக்குள் நுழைந்து, திரும்ப வழியின்றி அகப்பட்டுக்கொண்ட ஒரு கூட்டம் என்றால், அது குழுச் சாகசப் படத்தின் கதாபாத்திரப் பட்டியல் அல்லாமல் வேறென்ன? ஆனால் திரைப்படம் எப்போதும் யுத்தத்தோடு முடிந்துவிடும். வஹகோட்டையிலோ யுத்தம் முடிந்த பிறகே கதை தொடங்கியது. மன்னன் தந்த நிலத்தை உழுது, உள்ளூரில் பெண்ணெடுத்து, மொழியைச் சிங்களமாக மாற்றிக்கொண்டு, மதத்தை மட்டும் விடாமல் பற்றி நின்ற அவர்களுடைய ஊரின் புனித அந்தோனியார் ஆலயத்துக்கு இன்றும் ஜூன் மாதத்துத் திருவிழாவில் சிங்களரும் தமிழருமாக யாத்திரிகர் வந்து குவிகிறார்கள். தாயகத்தை நினைந்து உடல் மெலியும் துயரத்தைப் பாசல் நகரத்து மருத்துவ மாணவர் யோஹன்னஸ் ஹோஃபர் 1688-இல் ஒரு நோயாக வர்ணித்தார். அதைக் கூலிப்படை வீரரைப் பிடிக்கும் பிணியென்று பின்வந்த மருத்துவர்கள் கருதினார்கள். ஹோஃபர் அப்படி எழுதிய காலத்தில் வஹகோட்டையின் வீரருடைய பேரப்பிள்ளைகள் கண்டி நாட்டுக் குடியானவர்களாகவே ஆகிவிட்டிருந்தனர். ‘சந்தேசய’வின் வில்லன்களுடைய சந்ததி, அப்படம் பேசும் மொழியையே தாய்மொழியாகப் பேசுகிறது என்பது சரித்திரம் செய்யும் பரிகாசங்களுள் ஒன்று.

தமிழ்த் திரையில் இவ்வகையின் போக்கு வேறு. எம்.ஜி.ஆர். நடித்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்தில் அடிமைகளும் கடற்கொள்ளையரும் கூட்டமாக வருகிறார்கள். என்றாலும் தலைப்பே கூறுவதுபோல், ஆயிரத்தில் ஒருவனைக் காட்டுவதற்காகவே அந்த ஆயிரம் பேர். நாவலப்பிட்டியில் பிறந்த அந்நடிகரிடம் இலங்கைத் தோட்டப்புறத்துத் தமிழர் வைத்த பக்திக்கு இது பொருத்தமாக இருந்ததேயன்றிக் குழுப்படத்தின் இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை. நட்சத்திர வழிபாடு வலுத்த இடத்தில் எழுவருக்குச் சமமாக இடம் பங்கிடுவது எளிதன்று. ஆகவே உச்சி நட்சத்திரங்களின் படங்களைவிட்டு, அடுத்த வரிசையில் இதன் சுவடுகளைத் தேட வேண்டியிருக்கிறது.

சேலத்தில் 1935-இல் டி. ஆர். சுந்தரம் ஸ்தாபித்த மாடர்ன் தியேட்டர்ஸ், அவருடைய மறைவுக்குப் பின் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) முதலிய துப்பறியும் படங்களால் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆக்கியது. ஒளிப்பதிவாளராயிருந்து இயக்குநரான எம். கர்ணன், ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972) போன்றவற்றில் குதிரை, தொப்பி, இடுப்புத் தோட்டாப் பட்டை முதலிய சரக்குகளைத் தமிழ்நாட்டு வறண்ட பூமியில் இறக்கினார். கதையின் கோர்வையில் இவை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. குதிரைகள் ஓடும்போது மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தியில் ‘ஷோலே’ (1975), குரோசாவாவின் எழுவரை இருவராகச் சுருக்கியும், கை இழந்த தாக்கூர் என்ற முதிய எஜமானரைச் சேர்த்து ஈடுசெய்தது; மும்பை மினர்வா திரையரங்கில் அது ஐந்தாண்டுகளுக்கு மேல் ஓடியது.

தமிழின் மெய்யான குழுப்படம் என்று சொல்லத்தக்கது, திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய ‘ஊமை விழிகள்’ (1986). ஆபாவாணன் தயாரிக்க அரவிந்தராஜ் இயக்கிய இதில், போலீஸ் அதிகாரியாக விஜயகாந்தும், இளம் நிருபராக அருண் பாண்டியனும், இவர்களோடு சந்திரசேகர், கார்த்திக் ஆகியோரும் நடிக்க, பத்திரிகாசிரியராக ஜெய்சங்கரும் எதிர்ப்பக்கத்தில் ரவிச்சந்திரனும் அமர்த்தப்பட்டார்கள். இருபதாண்டு முன்னர் குதிரையிலும் காரிலும் பாய்ந்த இரு நாயகர்களை நரையோடு எதிரெதிரே நிறுத்தியதுதான் அந்த இளைஞர்களின் சாமர்த்தியம். பி.பி.ஸ்ரீநிவாஸின் குரலை அதேபோல் மறதியிலிருந்து மீட்டு அவர்கள் பாடவைத்த பாட்டு, படத்தின் எல்லையைக் கடந்து, யுத்தகாலத்து ஈழத்தமிழர் நாவில் நெடுநாள் நின்றது.

அப்போது இலங்கையில் நிலைமை மாறிவிட்டிருந்தது. 1972-இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றி இறக்குமதியைத் தன் வசமாக்கியதும், 1982-இல் ரூபவாஹினித் தொலைக்காட்சி வந்ததும் ஒருபுறமிருக்க, 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று. 1989-இல் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். சென்னையில் பழைய படத்தை நாடுகிறவனுக்குப் படச்சுருளாவது அகப்படும். இலங்கையிலோ பல சந்தர்ப்பங்களில் பார்த்தவர்களின் நினைவுதான் அகப்படுகிறது. பழமை ஏக்கத்தைப் பற்றி எழுதுவோர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

1980-களில் தனியொருவன் பெரும்படையை அழிக்கும் படங்கள் உலகெங்கும் ஆதிக்கம் பெற, குழு கலைந்தது. அந்தத் தனியொருவர்களே மூப்படைந்தபின் ஒன்றுகூடியதுதான் சில்வெஸ்டர் ஸ்டலோனின் ‘தி எக்ஸ்பென்டபிள்ஸ்’ (2010). ஸ்டலோனும் ஷ்வார்ஸ்நெகரும் புரூஸ் வில்லிஸும் ஒரு தேவாலயத்துக்குள் சந்தித்துச் சில நிமிஷம் பேசிப் பிரியும் காட்சிக்கே ரசிகர்கள் காசு கொடுத்தார்கள் என்றால் மிகையன்று. சண்டையெல்லாம் இலவச இணைப்பு. அதே ஆண்டில் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ தமிழில் வெளிவந்து, ஜெய்சங்கர்புரம் என்றொரு ஊரையே சமைத்துக் கர்ணனின் குதிரைகளுக்குக் கேலியும் காணிக்கையும் ஒருங்கே செலுத்தியது. 2014-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ புதுப்பிக்கப்பட்டு மறுபடி வெளியாகிச் சென்னையில் வெள்ளி விழாக் கண்டது. ஸ்டலோனின் தொடர் 2023-இல் நான்காம் பாகத்தோடு வசூலின்றித் தளர்ந்தது. பழைய முகங்களைக் கூட்டி வைப்பது மட்டும் போதாது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது.

போதுமானது எது என்பதற்கு லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ (2022) ஓரளவு சான்று. 1986-இல் வந்த அதே பெயருடைய படத்தின் உளவாளியை முதியவனாக மீட்டெடுத்து, ஓய்வுபெற்ற சகாக்களைச் சுற்றிலும் நிறுத்திய அப்படத்தில், கமல்ஹாசன், விஜய் சேதுபதி, பகத் பாசில் என்ற மூவருக்கும் பெரிய காட்சிகள் உண்டு. ஆனால் வீட்டு வேலைக்காரியாக ஓரத்தில் நின்று, சமயம் வந்ததும் சமையற்கட்டுச் சாமான்களையே ஆயுதமாக்கிப் பொருது மடியும் டீனா என்ற பாத்திரமே ஜனங்களிடம் தனித்த கீர்த்தி பெற்றது. அதை ஏற்ற வசந்தி, பல ஆண்டுகளாகப் பிறருடைய பாட்டுகளில் பின்வரிசையில் ஆடிவந்த நடனக் கலைஞர்.