மதுரைச் சமவெளியின் கரியும் கரியடுப்பும்

மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளியிலும் மரக்கரி நெடுங்காலம் முக்கிய எரிபொருளாக இருந்தது. வீட்டுக் குமுட்டி, பொற்கொல்லர் உலை, தேநீர்க்கடை பாய்லர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றோடு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பேருந்தும் கரியால் இயங்கியது. இவை எல்லாவற்றிலும் சூடு, போடப்படும் கரியின் அளவைவிட அதற்குக் கிடைக்கும் காற்றின் அளவையே சார்ந்திருந்தது. எந்த மரத்தின் கரி என்பது அடுத்து வந்த கேள்வி. அக்கேள்வி பிற்காலத்தில் நிலம், நீர், கூலி ஆகியவற்றோடு பிணைந்து நீதிமன்றம் வரை சென்றது.

கரிமூட்டம்

மரத்தைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கும் முறைக்குக் கரிமூட்டம் என்று பெயர். மதுரைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள வறண்ட வட்டாரங்களான திருச்சுழி, நரிக்குடி, இளையான்குடி, கமுதி, முதுகுளத்தூர் பகுதிகளில் இது பரவலான தொழில். மழையை நம்பிய ஒருபோக விவசாயம் முடிந்தபின் வரும் வெயில் மாதங்களில் வேறு வேலை குறைவு. அந்த மாதங்களுக்கான கூலியைக் கரிமூட்டம் தருகிறது.

வெட்டிய கட்டைகளை நெருக்கமாகக் குவித்து, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் மெழுகி மூடுவார்கள். ஓரிடத்தில் தீயை வைத்து, சில துளைகளை மட்டும் திறந்துவிடுவார்கள். முதலில் கட்டையின் ஈரம் ஆவியாகி அடர்ந்த வெண்புகையாக வெளியேறும். சூடு 280 பாகை செல்சியஸை ஒட்டி ஏறியதும் மரம் தானே சிதைந்து வெப்பத்தை வெளியிடத் தொடங்கும். அதன்பின் மூட்டத்துக்கு வெளித்தீ தேவையில்லை. அதை அடக்குவதே வேலை. புகை மெலிந்து நீலம் பாரித்தால் அந்தப் பக்கம் கரியாகிவிட்டது என்று பொருள். உடனே அந்தத் துளையை அடைத்து வேறோர் இடத்தில் திறப்பார்கள். மூட்டத்தின் அளவைப் பொறுத்து இது பல நாட்கள் நீளும்.

இரவிலும் காவல் வேண்டும். மண்பூச்சில் ஒரு விரிசல் விழுந்து காற்று நுழைந்தால் கரி முழுவதும் சாம்பலாகிவிடும். நன்றாக அமைந்த மூட்டத்திலும் மரத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே கரியாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் கரியின் ஒரு கிலோ, ஒரு கிலோ உலர்ந்த விறகைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான வெப்பத்தைத் தரும். புகையும் மிகக் குறைவு. எடை குறைந்து சூடு கூடுவதால்தான் தொலைவிலுள்ள நகரத்துக்குக் கரியை ஏற்றி அனுப்புவது கட்டுப்படியானது.

குமுட்டி அடுப்பு

நகரத்து வீடுகளில் இந்தக் கரி எரிந்த இடம் குமுட்டி. முழுவதும் சுட்ட மண்ணால் ஆனதும் உண்டு, இரும்புக்கூட்டின் உட்புறம் மண் பூசியதும் உண்டு. நடுவில் துளைகளுள்ள தட்டு, அதன்மேல் கரி, கீழே சாம்பல் விழவும் காற்று நுழையவும் ஒரு வாய் என்பதே அமைப்பு. மண்சுவர் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதில் சூட்டைக் கூட்ட, வாயின் முன் பனையோலை விசிறியால் விசிறுவார்கள். குறைக்க, வாயை ஓட்டுத்துண்டால் பாதி மூடுவார்கள், அல்லது கங்கின்மேல் சாம்பலைத் தூவுவார்கள். பால் சுண்டக் காயவும், குழம்பு ஆறாமல் இருக்கவும் சாம்பல் மூடிய கங்கு போதும். நீறு பூத்த நெருப்பு என்ற வழக்கு பேச்சில் உவமையாக நிலைத்துவிட்டாலும், சமையலறையில் அது ஒரு சூட்டு அளவு. விசிறல் நின்றதும் மேற்பரப்பு வெளுத்து, உள்ளே கங்கு மணிக்கணக்கில் கிடக்கும்.

இதே கரி பொற்கொல்லரிடம் வேறு வேலை செய்தது. வெள்ளி உருக 962 பாகை செல்சியஸும் தங்கம் உருக 1,064 பாகை செல்சியஸும் வேண்டும். துருத்தியோ ஊதுகுழலோ கொண்டு சிறு உலையில் காற்றைச் செலுத்தி ஒரு கைப்பிடிக் கரியிலேயே அந்தச் சூட்டை எட்டினார்கள். இஸ்திரிப் பெட்டியின் பக்கத்துளைகளும், தொழிலாளி அதை அவ்வப்போது வீசி ஆட்டுவதும் காற்றுக்காகவே. இதற்குச் சிரட்டைக்கரி விரும்பப்பட்டது. அது கெட்டியானது, ஒரே சீராகக் கனலும்.

குமுட்டியில் ஓர் ஆபத்தும் உண்டு. காற்றைக் குறைக்கக் குறைக்கக் கரி முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. புகையே வராத அடுப்பு பாதுகாப்பானது என்று எண்ணிக் கதவடைத்த அறையில் கங்குடன் உறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். முற்றத்திலோ தாழ்வாரத்திலோ குமுட்டியை மூட்டி, கங்கு பிடித்தபின் உள்ளே எடுத்துவரும் பழைய வழக்கமும் ஆபத்தை முழுவதும் நீக்கவில்லை. தொடக்கப்புகையை மட்டுமே வெளியேற்றியது. மண்ணெண்ணெய் அடுப்பும் பின்னர் எரிவாயு அடுப்பும் வந்தபின் குமுட்டி வீடுகளிலிருந்து மறைந்தது.

கரியில் ஓடிய பேருந்து

குமுட்டியில் நஞ்சாக இருந்த அதே வாயு போர்க்காலத்தில் எரிபொருளானது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் (1877–1955) 1912-ல் மதுரையில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியவர். 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்று, பெட்ரோல் தட்டுப்பாடு கடுமையானது. அப்போது அவருடைய நிறுவனம் மரக்கரியிலிருந்து வாயு எடுக்கும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியை வடிவமைத்துத் தயாரித்தது.

கரிவாயுக் கருவி உயரமான, மூடிய ஓர் அடுப்பு. கீழே சிறிதளவு காற்று நுழையும் இடத்தில் கரி எரிந்து கார்பன் டையாக்சைடு உண்டாகும். அது மேலே உள்ள செங்கங்கின் ஊடாகச் செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். அதைக் குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினுக்கு அனுப்புவார்கள். கங்கு ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் வாயு வலுவிழக்கும்.

ஆகவே கரியைத் தேர்ந்தெடுப்பது சமையலறையைவிட இங்கே கண்டிப்பாக இருந்தது. ஈரக்கரி கங்கைக் குளிர்விக்கும். அரைகுறையாகச் சுட்ட கரியில் தார் கசிந்து குழாயை அடைக்கும். தூள் கலந்தால் காற்றுவழி அடைபடும். மண் ஒட்டிய கரியில் சாம்பல் உருகிக் கட்டியாகும். மூட்டம் போட்டவர் ஒரு நாள் முன்னதாகப் பிரித்துவிட்டால், அதன் விளைவைச் சாலையில் நின்ற பேருந்து அனுபவித்தது. புறப்படும் முன் கைவிசிறியைச் சுழற்றிக் கங்கைப் பிடிக்கச் செய்ய வேண்டும். பெட்ரோலில் ஓடியபோது இருந்த இழுவிசையில் ஒரு பகுதி குறைந்து, மேட்டில் வண்டி திணறும். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்தக் கருவிகள் கழற்றப்பட்டன.

மூடியுள்ள மண்ணடுப்பு

மூடிய மண்ணடுப்பில் சமைக்கும் மரபு ஜப்பானிலும் உண்டு. அங்கே சோறு வேகவைக்கப் பயன்பட்ட முஷிகமடோ என்ற அடுப்பை, போருக்குப்பின் அமெரிக்கப் படைவீரர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1974-ல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் தொடங்கிய பிக் கிரீன் எக் நிறுவனம் அதைத் தடித்த பீங்கான் முட்டை வடிவில் பரப்பியது. கீழே ஒரு காற்றுவாய், மேலே ஒரு புகைவாய். இரண்டையும் ஒருக்களித்தால் 110 பாகையில் இறைச்சியை மணிக்கணக்கில் வாட்டலாம், திறந்துவிட்டால் 350 பாகையைத் தாண்டலாம். குமுட்டிக்கு மேல்மூடி இல்லை என்பதே முக்கிய வேறுபாடு. சூடு மிஞ்சிவிட்டால் தடித்த சுவர் எளிதில் ஆறாது என்பதால், இலக்கை எட்டுவதற்கு முன்பே வாய்களைச் சுருக்க வேண்டும்.

இந்த அடுப்புகளுக்கும் கட்டைக்கரியே ஏற்றது. கரித்தூளை மாவுப்பசையில் பிசைந்து அழுத்திய கட்டிகள் விரைவில் சாம்பலைச் சேர்த்துக் கீழ்த்துளைகளை மூடிவிடுகின்றன.

மரமும் தூரும்

கருவேலம், உடை, புளி ஆகியவை இந்தச் சமவெளியின் பழைய கரிமரங்கள். இன்று மூட்டங்களில் வேகும் மரம் பெரும்பாலும் சீமைக் கருவேலம் எனப்படும் வேலிக்கருவை. அது அமெரிக்கக் கண்டத்து மரம். காமராஜர் ஆட்சியில்தான் வந்தது என்ற பேச்சு ஊர்களில் உண்டு. ஆனால் சென்னை மாகாண வனத்துறை 1870-களின் பிற்பகுதியிலேயே இதன் விதையைத் தருவித்து, கடப்பைப் பகுதியில் விதைத்துவிட்டது. விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பதே நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியது. ஆனால் கண்மாய்களும் வரத்துக்கால்வாய்களும் தரிசு நிலங்களும் முள்காடாயின.

2017-ன் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டில் சென்னை அமர்வு அதற்குத் தடை விதித்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. நிலத்தடி நீரைப் பற்றி ஒரு தரப்பு பேச, வேறு பிழைப்பில்லாத மாதங்களைப் பற்றி மறுதரப்பு பேசியது. இரண்டும் பொய்யல்ல.

வெட்டும் முறையில்தான் இந்த முரண் வெளிப்படையாகத் தெரிகிறது. கிளைகளை மட்டும் வெட்டினால் சீமைக் கருவேலம் அடிக்கட்டையிலிருந்து மேலும் அடர்ந்து துளிர்க்கும். சில ஆண்டுகளில் அடுத்த மூட்டத்துக்குக் கட்டை தயாராகிவிடும். மூட்டம் போடுபவருக்கு அது விளைச்சல். நிலத்தைத் திரும்ப உழ நினைப்பவருக்குத் தூர் மண்ணில் இருக்கவே கூடாது. தூரைத் தோண்டுவது கடினமான வேலை, கூலியும் அதிகம். ஆனால் தூரிலிருந்து வரும் கரிதான் கெட்டியானது, நெடுநேரம் கனல்வது. எனவே மரத்தை விலைபேசும்போது, தூரோடு எடுப்பதா தூரை விட்டு வெட்டுவதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்கிறார்கள்.