லயத்துச் சுவரின் ஈரம்

நுவரெலியா 6,000 அடிக்கும் ஹட்டன் 4,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, தென்மேற்குப் பருவக்காற்று எழுந்த நாள்முதல் மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் மாறிமாறி ஆட்சி புரிகின்றன. தேயிலைச் செடிக்கு ஜீவாதாரமான அந்த ஈரமே, அதன் கொழுந்தைக் கிள்ளி வாழ்கின்ற மக்களின் வீட்டுச் சுவரில் கரும்புள்ளியாகவும் பச்சைப் படலமாகவும் பூஞ்சணம் பூக்கக் காரணமாகின்றது. பூஞ்சணத்தையும் தூசியையும் அகற்றுவது வீட்டாரின் சுத்தப் பழக்கத்தைப் பொறுத்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயங்களின் சரித்திரத்தை ஊன்றிப் பார்த்தாலோ, அது அவ்வீட்டைக் கட்டியவர் எவர், அதற்கு உரியவர் எவர் என்பதையே முதலாவதாகப் பொறுத்தது என்ற உண்மை புலப்படும்.

லயம் தேயிலைக்கு மூத்தது. கோப்பி செழித்த காலத்தில், தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளர் பழம் பறிக்கும் பருவத்தில் தங்கி, பின்னர் பெரும்பாலும் ஊர் திரும்பினர். ஆகையால், அவர்களுக்கென எழுந்த இருப்பிடமும் தற்காலிகத் தங்குமிடம் என்ற எண்ணத்துடனேயே எழுந்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை பின்னர் மலையெங்கும் பரவியபோது, வருஷம் முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டியிருந்தமையால் தொழிலாளர் குடும்பத்தோடு நிலையாக வாசம் செய்யலாயினர். வாழ்க்கை நிலைபெற்றது, ஆயினும் கட்டடத்தின் இலட்சணம் பழைய தங்குமிடத்தின் இலட்சணமாகவே இருந்துவிட்டது.

10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பிரா என்னும் ஓர் அறை, அதன் முன்னே இஸ்தோப்பு என்னும் ஒடுங்கிய முன்தாழ்வாரம், இவ்வாறு பக்கச்சுவர் பொதுவாக வரிசை பிடித்த அறைகள்: இதுவே லயத்தின் பொதுவான அமைப்பு. இரட்டை லயங்களிலே இரு வரிசைகளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றமையால், பின்சுவரில் ஜன்னலுக்கு இடமில்லை. வாசலால் புகுந்த காற்று வெளியேற வழியில்லை. மலைச்சரிவை வெட்டிய மண்ணின்மேல், ஈரத்தடுப்பின்றி எழுந்த கல்லும் களிமண்ணுமான சுவர், நிலத்தின் நீரை உறிஞ்சி மேலேற்றியது. புற்கூரையின் இடத்தைப் பிடித்த தகரமோ இரவில் விரைந்து குளிர்ந்தது. அதன் அடிப்புறத்தில், உறங்குவோரின் மூச்சும் உலைப்பானையின் ஆவியும் கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்த கம்பளியும் இடுப்பில் கட்டும் படங்கும் விட்ட ஈரமும் பனிநீராகத் திரண்டு சொட்டின. பூஞ்சண வித்துகள் எந்தக் காற்றிலும் உண்டு. அவை முளைக்க முதன்மையாக வேண்டியது ஈரம். அதனை லயம் மேலிருந்தும் கீழிருந்தும் இடைவிடாது வழங்கியது.

இந்த ஈரத்தோடு தலைமுறை தலைமுறையாகப் போர் தொடுத்தவர்கள் லயத்துப் பெண்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பிரட்டு என்னும் காலை வேலை அழைப்புக்குப் போய், மாலையில் கூடை இறக்கிய பின்னும் அவர்கள் மண்தரையைச் சாணமிட்டு மெழுகினர். மண்தூசி எழாமல் அடக்கியது அந்த மெழுக்கு. பெருக்குமுன் நீர் தெளித்தமையால் துடைப்பத்தோடு தூசி மேலே கிளம்பவில்லை. தீபாவளி நெருங்கியதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். புதுச் சுண்ணாம்பின் காரம் பூஞ்சணத்தை வளரவொட்டாது; காற்றுப்பட்டுக் கெட்டிப்பட்டபின் அக்காரம் தணிந்துவிடுமாதலால், ஆண்டுதோறும் அடிப்பது சடங்கு மட்டுமன்று, தேவையும் ஆகும். வெயில் கண்ட பொழுதெல்லாம் பாயும் கம்பளியும் வெளியே விரிந்தன. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாறை எரித்த அடுப்பின் உஷ்ணம் அறையைச் சற்று உலர்த்தியது. ஆனால் புகைபோக்கியில்லாத காம்பிராவில் அந்த நிவாரணத்தின் விலையை, அடுப்பருகே இருந்த தாயும் குழந்தையும் தங்கள் சுவாசத்தால் செலுத்தினர்.

பூஞ்சண இனத்தின் வல்லமையைத் தோட்ட உலகம் அறியாததன்று. 1869ஆம் ஆண்டில் இலங்கையில் அடையாளம் காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய், காற்றில் பறக்கும் நுண்ணிய வித்துகளால் பரவி ஒரு பெருந்தொழிலையே வீழ்த்தியது. அதனை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியல் அறிஞர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றி, பின்னர் தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. 1946இல் கொப்புள நோய் என்ற மற்றொரு பூஞ்சண நோய் தேயிலைத் தளிரைப் பற்றியதும், செம்பு மருந்து தெளித்து அதனைக் கட்டுப்படுத்த விரிந்த முயற்சி நடந்தது. இலைக்குக் கிடைத்த இந்த ஆராய்ச்சியும் செலவும் அவசியமானவையே. அதே மூடுபனியில், அதே இனத்தைச் சேர்ந்த விரோதியால் அவதியுற்ற மனிதரின் சுவருக்கு அவற்றில் ஒரு சிறு பங்கேனும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

வீட்டுக்கு வெளியே, தொழிற்சாலையிலும் தூசி காத்திருந்தது. உலர்ந்த தேயிலையைச் சலிக்கும் அறைகளில் பஞ்சுபோன்ற மெல்லிய தூசி எழும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பணியாற்றிய ஆல்டோ காஸ்டெல்லானி என்ற மருத்துவர், தேயிலையைச் சுவைத்தும் முகர்ந்தும் பார்ப்போரிடம் கண்ட இருமலை விவரித்து, பூஞ்சணத்தின்மேல் சந்தேகம் கொண்டார். 1970இல் இலங்கை மருத்துவர் சி. ஜி. ஊரகொட, தேயிலை தயாரிப்போருக்கு அத்தூசியால் உண்டாகும் ஆஸ்துமாவைப் பற்றி எழுதினார். பகலில் இத்தகைய தூசியில் உழைத்தவர், இரவில் பூஞ்சணக் காற்றையே சுவாசிக்க வேண்டியிருந்தது.

லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சுமத்தியது உண்மை. ஆயினும் சட்டம் சுத்தத்தைக் கேட்டதேயன்றி, குடியிருப்போருக்கு உரிமையைத் தரவில்லை. வேலையோடு கிடைத்த காம்பிரா வேலையோடு போய்விடும் என்ற நிலையில், புதிதாக ஒரு ஜன்னல் திறக்கவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது; 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் அதனோடு அவர்கள் குறையைப் பாராளுமன்றத்தில் உரைக்கும் குரலையும் பறித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றபோதிலும், பல குடும்பங்கள் பழைய லயத்திலேயே இருந்தன.

அண்மைக்காலத்தில் 7 பேர்ச் நிலத்தில் தனிவீடு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியோடு முதலில் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. நாற்புறமும் சுவர் விலகி நின்று, எதிரெதிர் ஜன்னலால் காற்று ஊடுருவி, சமையலறை தனித்திருக்கும் வீட்டில், பூஞ்சணத்தை அடக்குவது எளிய நித்திய கருமமாகிவிடுகின்றது: ஒழுகும் இடத்தை அடைப்பதும், நனைந்ததை வெளியே உலர்த்துவதும், தூசியை ஈரத்துணியால் துடைப்பதுமே போதுமானவை. லயத்திலோ, இவை அனைத்தையும் தவறாது செய்தவளும் மறு மழையில் தோற்றாள். அவளுடைய தோல்வியைச் சோம்பலென்றும் அசுத்தமென்றும் கூறுவது பெரும் அநியாயம். எஞ்சியிருக்கும் லயங்களில் வாழ்வோருக்கு நாம் சுகாதாரம் உபதேசிக்கப் புகுமுன், உலர்ந்த தரையும் ஒழுகாத கூரையும், தம் விருப்பப்படி ஜன்னல் வைத்துக்கொள்ளும் உரிமைப் பத்திரமும் அவர்கள் கைக்குக் கிடைக்கச் செய்வதே முறையாகும்.