இரண்டாவது வழி இல்லாத மலை

ஊட்டிக்கு ரயில் உண்டு, கொடைக்கானலுக்குக் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும் மலை ரயில் ஏறிவிட்டது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கோ தண்டவாளம் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. அம்மையநாயக்கனூர்ப் பக்கம் கொடை ரோடு என்ற பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கியவர் மேலே போக இன்னும் ஐம்பது மைல் கடக்க வேண்டும். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் நம்மிடையே ஒரு யோசனை கிளம்பும்: ஊர் கூடி ஒரு நாள் பங்க் பக்கமே போகாமல் இருந்தால் கம்பெனிக்காரன் தானாக இறங்கி வருவான் என்று. அந்த யோசனையை உரசிப் பார்க்கப் பழனி மலையைவிடத் தோதான இடம் கிடைக்காது. வேறு வழி கைவசம் உள்ளவன் வாங்க மறுத்தால் விற்பவன் அஞ்சுவான். வேறு வழியில்லாதவன் மறுத்தால், நாளை வருவான் என்று விற்பவனுக்குத் தெரியும். இந்த மலையின் போக்குவரத்து வரலாறு, இருந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட வரலாறு.

1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் மேலே வீடு கட்டிக் குடியேறியபோது எஞ்சின் என்ற பேச்சே இல்லை. பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி போகும். அங்கிருந்து செண்பகனூருக்குச் செங்குத்தான குதிரைப் பாதை. வசதியானவர்கள் மட்டக்குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமக்கும் டோலியிலோ ஏறினார்கள். சாமான்கள் தலைச்சுமையாகப் போயின. இதைப் பொற்காலம் என்று கொண்டாட ஒன்றுமில்லை. அன்றைய எரிபொருள் மனிதனின் கெண்டைக்காலாக இருந்தது, அதன் விலை சுமைகூலி, அதுவும் கெஞ்சிப் பெற்ற கூலி. பிறகு வத்தலக்குண்டுப் பக்கமிருந்து லாஸ் காட் ரோடு வந்தது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அதில் மோட்டார் ஏறத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்குள் குதிரைப் பாதை ஆளற்றுப் போயிற்று. இன்று பூம்பாறை, மன்னவனூர் பூண்டும் காரட்டும் உருளையும், கீழ்மலையின் விருப்பாட்சி வாழையும் லாரியேறித்தான் ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் திண்டுக்கல்லுக்கும் இறங்குகின்றன. மலையில் விளையாத அரிசியும் சிமெண்டும் அதே லாரியில் ஏறுகின்றன. நெடுங்காலம் ரோடு எட்டாமலே கிடந்த வெள்ளகவியில்தான் குதிரை சுமக்கும் பழைய முறை நிலைத்தது. குதிரைக்குப் பெட்ரோல் வேண்டாம் என்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ரோடுதான்.

ஆகவே மலையில் எண்ணெய் வாங்குவதை ஒத்திப்போடலாமே தவிர, விட்டுவிட முடியாது. காட் ரோட்டில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும் லாரி சமவெளியைவிடக் கூடுதலாகக் குடிக்கும். பங்கை நிரப்ப வரும் டேங்கருமே டீசலைக் குடித்துத்தான் மேலே வந்து சேரும். அறுத்த காரட் ஒரு நாள் காத்திருந்தால் வாடும், இரண்டு நாள் காத்திருந்தால் வியாபாரி விலையை உடைப்பான். பகிஷ்காரம் என்று திங்கள்கிழமை போடாத டீசலை ஞாயிறு இரவோ செவ்வாய் காலையோ போட்டுத்தான் தீரவேண்டும். மாத விற்பனைக் கணக்கில் அந்த ஒரு நாளின் சுவடே இராது. 2018 செப்டம்பர் 10-ஆம் தேதி எரிபொருள் விலையைக் கண்டித்து நாடு தழுவிய பந்த் நடந்தது. மறுநாளும் விலை ஏறவே செய்தது. ஒரே ஒரு கம்பெனியை மட்டும் ஒதுக்கலாம் என்பாரும் உண்டு. நாட்டின் பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகள் மூன்று அரசு நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அவை ஒன்றின் சரக்கை மற்றொன்று மாற்றிக்கொள்கின்றன. பலகையில் ஒரு பெயர், தொட்டியில் வேறொரு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய். இதில் யாரை ஒதுக்கி யாரிடம் வாங்குவது?

வ.உ.சி.யின் கப்பலை மறந்துவிட்டீர்களா என்று கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான். 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானதும், தூத்துக்குடி–கொழும்பு வழியில் தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைத் தலைக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் அரை ரூபாய்க்கு இறங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிப்போய்க் கையில் ஒரு குடையும் கொடுக்க முன்வந்ததாக வரலாறு. இங்கே விலையை இறக்கியது மக்களின் மறுப்பு மட்டுமல்ல. மறுத்தவர்கள் ஏறிக்கொள்ள இன்னொரு கப்பல் துறைமுகத்தில் நின்றது. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. அத்தோடு போட்டியும் முடிந்தது. கடலைத் தாண்ட வேறு கப்பல் இல்லாமல், நாங்கள் ஏறமாட்டோம் என்று மட்டும் தூத்துக்குடி மக்கள் சொல்லியிருந்தால் குடை கிடைத்திருக்காது.

எண்ணெய்க்கே வருவோம். பெட்ரோல் பணக்காரர் பண்டமாக இருந்த நாளில் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குத் தெரிந்த எண்ணெய் சீமெண்ணெய்தான். மலைக்குடிசையிலும் அடிவாரப் பெட்டிக்கடையிலும் எரிந்த விளக்குக்குப் பெரும்பாலும் ரங்கூன் எண்ணெய். பர்மா ஆயில் கம்பெனியும் ஷெல் குழுமத்தின் ஏசியாடிக் பெட்ரோலியமும் 1905-லேயே இந்தியச் சந்தையைப் பங்கு பிரித்துக்கொண்டன. வாங்குபவர் எத்தனை கோடி பேராக இருந்தாலும், விற்பவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது. அந்த மேசை 1927-இல் உடைந்தது, உடைத்தவர்கள் நாமல்ல. ரஷ்யப் புரட்சியில் பறிபோன எண்ணெய் வயல்களின் சரக்கை நியூயார்க் ஸ்டாண்டர்டு ஆயில் மலிவாக வாங்கி இந்தியாவில் விற்றது. திருட்டு எண்ணெய் என்று கொதித்த ஷெல் தலைவர் ஹென்றி டெடர்டிங், பாடம் புகட்ட இந்தியச் சந்தையிலேயே சீமெண்ணெய் விலையை வெட்டினார். அடித்துக்கொண்டவர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தார்கள், விலை சரிந்தது இங்கே. அடிபட்ட பர்மா ஆயில் அரசிடம் பாதுகாப்புக் கேட்டு ஓடியது. 1928-இல் சுங்க வாரியம் விசாரணை நடத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் அக்னகேரி கோட்டையில் ஷெல், ஆங்கிலோ-பெர்சியன், நியூஜெர்சி ஸ்டாண்டர்டு மூன்றின் தலைவர்களும் கூடி, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சந்தைப் பங்குகளை உறையவைத்தார்கள். அந்த ஆண்டே இந்தியாவில் பர்மா-ஷெல் என்ற கூட்டு விநியோக நிறுவனமும் பிறந்தது. விளக்கேற்றும் குடியானவர்களுக்கு வந்த மலிவும் பறந்த மலிவும் இரண்டுமே அவர்களைக் கேட்டு நடக்கவில்லை.

இதே கதை 1960-இல் நம் பக்கம் திரும்பியது. சோவியத் ஒன்றியம் மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தது, அமைச்சர் கே.டி. மாளவியா வாங்க விரும்பினார். வெளிநாட்டுக் கம்பெனிகள் அதைத் தங்கள் ஆலைகளில் சுத்திகரிக்க மறுத்தன. ஆனாலும் இந்தியன் ஆயில் அந்த ஆகஸ்டிலேயே சோவியத் டீசலைப் பம்பாயில் இறக்கிவிட்டது. இன்னொரு கடை திறந்துவிட்டதைக் கண்டபின்தான் பழைய கடைக்காரர்கள் கச்சா விலையில் தள்ளுபடி கொடுத்தார்கள். இடையில் இரண்டாம் உலகப் போர்க்காலம் வேறொன்றைக் காட்டியிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுமுன் சிரியம் சுத்திகரிப்பு ஆலையைப் பிரிட்டிஷார் தாங்களே தகர்த்தார்கள். பெட்ரோல் ரேஷனுக்குப் போனது, மதுரையில் டி.வி.எஸ். கம்பெனி பேருந்துக்குக் கரிவாயுக் கலன் செய்து மாட்டியது. அடுப்புக்கரியில் ஓடும் எஞ்சினுக்கு வலு குறைவு. ஏற்றத்தில் அது என்ன பாடு பட்டிருக்கும் என்பது காட் ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்குப் புரியும். பயன்பாடு கட்டாயத்தால் ஒடுங்கியது உண்மை. ஆனால் யாரும் மலிவைப் பார்க்கவில்லை.

அந்தக் கட்டாயத்தைவிடப் பெரிய சோதனை நம் கண்முன்னே நடந்தது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. கொடைக்கானலுக்குச் சீசன் மாதங்களான ஏப்ரல், மே இரண்டிலும் ஏரிக்கரையில் ஒரு சுற்றுலா வண்டி இல்லை. ஏப்ரலில் நாட்டின் எரிபொருள் விற்பனை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. எந்தச் சங்கமும் எந்தக் கட்சியும் கனவிலும் நடத்த முடியாத பகிஷ்காரம் அது. உலகச் சந்தையில் கச்சா விலை தரைதட்டியது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. பங்கில் மட்டும் விலை இறங்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் தமிழக அரசு மதிப்புக்கூட்டு வரியை உயர்த்தியது. ஓரிரு நாளில் மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரியைக் கூட்டியது. பெட்ரோல் மீதான கலால் மட்டும் 33 ரூபாயை ஒட்டியது. ஜூன் 7 முதல் அன்றாட விலையேற்றமும் தொடங்கியது. மொத்த தேசமும் சேர்ந்து வாங்காமல் இருந்ததால் கிடைத்த மலிவை வரி விழுங்கிவிட்டது. பகிஷ்கார யோசனைக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் காணவில்லை.

காந்தியின் அந்நியத் துணி பகிஷ்காரம் பலிக்கவில்லையா என்றால், பலித்தது. 1930-31-இல் பிரிட்டிஷ் துணி இறக்குமதி முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போனது. உலகப் பொருளாதார மந்தமும் அதில் பங்கெடுத்தது. ஆனால் துணியை மறுத்தவருக்கு ராட்டையும் கோயம்புத்தூர், மதுரை மில்களும் இருந்தன, கிழிந்ததைத் தைத்து இன்னொரு ஆண்டு ஓட்டவும் முடிந்தது. எண்ணெயிலும் மறுப்பு வென்ற ஒரு சந்தர்ப்பம் உண்டு. 1973-இல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் விலையை நான்கு மடங்காக்கின. உலகம் சிறிய காருக்கும் நிலக்கரிக்கும் அணுமின்சாரத்துக்கும் வட கடல் எண்ணெய்க்கும் மெல்ல மெல்ல நகர்ந்தது. 1986-இல் விலை பொத்தென்று விழுந்தது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. மாற்றுவழியைக் கட்டிக்கொண்டே மறுத்த மறுப்பு அது, ஒரு திங்கள்கிழமை வேலையல்ல.

நம் நாட்டில் சில்லறை விலை இறங்கிய நாட்களின் பட்டியலைப் பார்த்தால் வேறு ஒரு சாவி தென்படும். பெட்ரோல் விலையைச் சந்தையிடம் விட்டது 2010 ஜூனில், டீசலை 2014 அக்டோபரில், அன்றாட மாற்றம் வந்தது 2017 ஜூனில். சந்தை என்றால் அது தேர்தல் பார்க்கக் கூடாது. ஆனால் 2018-இல் கர்நாடகத் தேர்தலுக்கு முந்தைய பத்தொன்பது நாள் விலை அசையவில்லை. 2021 அக்டோபர் இடைத்தேர்தல் முடிவுகள் நவம்பர் 2-இல் வந்தன. மறுநாள் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் கலால் குறைந்தது. 2024 மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்க இரண்டு நாளுக்கு முன் 2 ரூபாய் குறைப்பு. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எந்த அமைச்சரும் ஒப்புக்கொள்ளமாட்டார்; நாம்தான் தேதிகளை எண்ணிக்கொள்ள வேண்டும். பந்த் நடத்துபவர்களின் தரப்பில் ஒரு நியாயம் இங்கேதான் இருக்கிறது: விலையில் பெரும்பங்கு வரி என்பதால், கூட்டம் பங்கை விட்டு அரசை நோக்கித் திரும்பினால் காரியம் நடக்கலாம். தமிழ்நாட்டில் 2018 ஜனவரி 20-இல் பேருந்துக் கட்டணம் கடுமையாக உயர்ந்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், சென்னையில் பயணிகள் மின்சார ரயிலுக்குத் தாவினார்கள். பத்து நாளுக்குள் அரசு கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தது. பழனி மலையில் பண்ணைக்காட்டுக்காரருக்குத் தாவ ரயில் ஏது? தலைநகரம் கொடுத்த நெருக்கடியில்தான் அவருக்கும் சில காசு மிச்சமானது.

மலைக்கு இரண்டாவது வழி என்று ஒன்று வருமானால் அது அரசுப் பேருந்தாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் நீட்டுவதாக 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அப்படிப் பயணம் செய்யும் பெண்ணை, பூண்டு மூட்டையின் லாரி வாடகை வழியாகத் தவிர, பெட்ரோல் விலை நேரே தொடாது. இலவசம் என்றால் யாரோ கொடுக்கிறார்கள் என்றுதானே பொருள் என்று மறுப்பார்கள், சரியான மறுப்பு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரி குறைத்தபோது ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சர் பேரவையில் கணக்குச் சொன்னார். பேருந்துக்குப் பணம் வரவேண்டிய கஜானாவும் அதே கஜானாதான்.